இருபது ஆண்டுகளின் பின் மீண்டும் சுழியோட…

(நூற்றாண்டு நிகழ்வுகளின் ஓர் அங்கமாக ரிவர்ஸ்டனில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நடுத்தர வயதில் உடல்நலம்" என்று ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டார். சீனி, கொழுப்பு, இரத்த அழுத்தம் என்று நான் தொடங்கினால் பாதிப்பேர் காற்று வாங்க வெளியே போய்விடுவீர்கள். இங்கே காற்றுக்கும் குறைவில்லை. ஆகவே அதே விஷயங்களைக் கடல் வழியாகச் சொல்லலாமா என்று கேட்டேன். "மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்து கடலைப் பற்றியா?" என்று சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

இந்த மலைக்கும் நான் பேசப்போகும் கடலுக்கும் உறவு உண்டு. நேற்றுச் சேர எல்ல நீர்வீழ்ச்சியைப் பார்த்தோம் அல்லவா, அந்தத் தண்ணீர் தெல்கமு ஓயாவில் சேர்ந்து, பிறகு களு கங்கை, அம்பன் கங்கை வழியாக மகாவலியில் கலந்து, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலுக்குள் இறங்குகிறது. நக்கிள்ஸ் மலையின் இந்தப் பக்கத்து மழை போய்ச் சேரும் இடம் அதுதான். நான் ஸ்கூபா சுழியோடக் கற்றுக்கொண்டதும், இருபது ஆண்டுகள் விட்டுவிட்டு மீண்டும் தொடங்கியதும் அந்தக் கடற்கரையில்தான்.

நான் கற்றது 2003ஆம் ஆண்டில், மருத்துவ மாணவியாக இருந்தபோது. 2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்திருந்தது. அதுவரை பத்திரிகையில் மட்டும் பார்த்த நிலாவெளியை அந்த விடுமுறையில்தான் கண்ணால் கண்டேன். "பொம்பிளைப் பிள்ளைக்குக் கடலுக்கடியில் என்ன வேலை?" என்று அம்மம்மா கேட்டார். அப்பா பணம் தந்தார். ஐந்து நாள் பயிற்சி. கையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் அட்டை. அடுத்த ஆண்டு முடிவில், 2004 டிசம்பர் 26ஆம் திகதி, கடல் ஊருக்குள் வந்தது. பிறகு மீண்டும் யுத்தம். அது முடிந்த 2009இல் எனக்குப் பயிற்சிக் காலம், பரீட்சை, கல்யாணம், பிள்ளைகள், இரவுக் கடமை. அட்டை மட்டும் கைப்பையிலிருந்து அலுமாரிக்கும், அலுமாரியிலிருந்து கடதாசிப் பெட்டிக்கும் போனது.

இது எனக்கு மட்டும் நடந்த கதை அன்று. இங்கே இருக்கும் எங்களில் எத்தனை பேர் வீணையை மூடி வைத்தோம், வலைப்பந்தை விட்டோம், நீச்சலை மறந்தோம்? நாட்டு நிலைமையும் வீட்டு நிலைமையும் சேர்ந்து நம் தலைமுறைப் பெண்களின் வாழ்க்கையில் பெரிய பெரிய இடைவெளிகளை வைத்துவிட்டன. நாற்பதைத் தாண்டிய பிறகு சிலர் அவற்றுக்குத் திரும்புகிறோம். வீணைக்குத் திரும்பினால் விரல் நோகும், அவ்வளவுதான். சுழியோடுதல் அப்படியல்ல. அதற்குத் திரும்பும்போது தெரிந்துகொண்டு திரும்ப வேண்டியவை சில உண்டு. அவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில், திரும்பலாமா? திரும்பலாம். திருகோணமலைக் கடலிலேயே உதாரணம் இருக்கிறது. எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறியதற்குப் பெரிய காரணம் சுழியோட்டம். அதே ஆண்டில் அவரும் நண்பர் மைக் வில்சனும் கோணேசர் கோவில் நிற்கும் சுவாமிப் பாறையின் அடியில் இறங்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோவிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கடலடியில் கண்டார்கள். 1962இல் கிளார்க்கின் உடல் முடங்கியது. போலியோ என்று சொன்னார்கள். கை கால் அசைக்க முடியாமல் மாதக்கணக்கில் கிடந்தவர், தேறியதும் கடலுக்கே போனார். தரையில் நடக்கத் தடுமாறும் உடலுக்கும் தண்ணீரில் எடை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பெண்களில் சொல்வதானால் அமெரிக்கக் கடலியல் விஞ்ஞானி சில்வியா ஏர்ல். 1935இல் பிறந்தவர். 1970இல் பெண்கள் மட்டும் அடங்கிய ஐவர் குழுவுக்குத் தலைமை தாங்கி, டெக்டைட் என்ற கடலடி வீட்டில் இரண்டு வாரம் தங்கியவர். எண்பது வயதைத் தாண்டியும் சுழியோடினார். கொரியாவின் ஜெஜு தீவில் ஹேன்யோ என்று அழைக்கப்படும் பெண்கள் காற்று உருளை எதுவும் இல்லாமல், மூச்சை அடக்கி இறங்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்களின் மரபை உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மன்னாருக்கு நேர் அக்கரையில், பாம்பன் பகுதியில், தமிழ்ப் பெண்கள் தலைமுறையாகக் கடற்பாசி எடுக்கக் கடலில் மூழ்குகிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015இல் சர்வதேச சீகோலஜி பரிசைப் பெற்றார். அம்மம்மா உயிரோடு இருந்திருந்தால் இதைக் காட்டியிருப்பேன்.

ஆனால் ஹேன்யோவுக்கும் பாம்பன் பெண்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம். அவர்கள் நிறுத்தவில்லை. வயது ஏற ஏற உடல் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை ஒவ்வொரு நாளும் தண்ணீருக்குள்ளேயே அறிந்துகொண்டவர்கள். இருபது வயதில் நிறுத்தி நாற்பத்து மூன்றில் திரும்புகிறவளுக்கு அந்த அறிவு இல்லை. அவளிடம் இருப்பது இருபது வயது உடலின் ஞாபகம். அந்த அட்டைக்குக் காலாவதித் திகதி கிடையாது. பெரும்பாலான பயிற்சி நிறுவனங்கள் தரும் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். அட்டையில் இருக்கும் படத்திலுள்ள பெண்தான் இப்போது இல்லை.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்பதை நம் பௌதிகவியல் ரீச்சர் சொல்லித் தந்திருக்கிறார். போயிலின் விதி. மேற்பரப்பில் ஒரு வளிமண்டல அழுத்தம். பத்து மீட்டர் இறங்கினால் இரண்டு. அழுத்தம் இரு மடங்கானால் வாயுவின் கனவளவு பாதி. அதாவது முதல் பத்து மீட்டரிலேயே காதுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. அதற்குப் பிறகு இருபதாவது, முப்பதாவது மீட்டரில் வரும் மாற்றம் இதைவிடக் குறைவு. ஆகவே "நான் அதிக ஆழம் போகமாட்டேன், ஆறு மீட்டர்தான்" என்று சொல்வதால் காதுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. காது உடையும் இடமே அந்த ஆழம் குறைந்த பகுதிதான். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, வலி தொடங்கும் முன்பே, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் காதைச் சமன் செய்ய வேண்டும். தடிமன் இருக்கும் நாளில் இறங்கக் கூடாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால் அதன் பலன் ஆழத்தில் தீர்ந்து, மேலே வரும்போது காற்று சிக்கிக்கொள்ளலாம்.

மேலே வரும்போதுதான் இன்னொரு விதி. எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது. சுருங்கிய காற்று மேலே வர வர விரியும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். இதை மறந்தவர் எவரும் இல்லை. ஆனால் பயம் வந்தால் கைகால் செய்வது வேறு. அதனால்தான் மீள்பயிற்சி வேண்டும் என்கிறேன். மூளைக்குத் தெரிந்ததை உடலுக்கு மீண்டும் பழக்க வேண்டும்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். சுழியோடும்போது நிகழும் மரணங்களில் கணிசமான பங்கு இதயத்தால் வருவது. நாற்பதைத் தாண்டியவர்களிடம் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது. டைவர்ஸ் அலேர்ட் நெட்வேர்க் என்ற சுழியோடிகள் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆண்டறிக்கைகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சுறாவைப் பற்றிப் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது நெஞ்சுக்குள் இருப்பதற்கு. அதிலும் தெற்காசியர்களாகிய நமக்கு மாரடைப்பு மற்ற இனத்தவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. கொழும்பில் இருந்தாலும் டொரொன்டோவில் இருந்தாலும் இது நம்மோடு வரும் சொத்து.

நாம் கழுத்தளவு தண்ணீரில் இறங்கியதும் கால்களில் இருந்த இரத்தம் அரை லீட்டருக்கும் மேல் நெஞ்சுக்குள் வந்துவிடுகிறது. இதயம் நிரம்புகிறது. "தண்ணீர் கூடிவிட்டது, வெளியேற்று" என்று சிறுநீரகத்துக்குச் செய்தி போகிறது. கடலில் இறங்கியவுடன் சிறுநீர் முட்டுவது இதனால்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. இளம் இதயத்துக்கு இது பெரிய சுமை இல்லை. இரத்த அழுத்தம் உள்ள, கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவருக்கு, குளிரும் அலைக்கு எதிரான நீச்சலும் இறுக்கமான உடுப்பும் சேர்ந்தால், நுரையீரலுக்குள் நீர் கசியத் தொடங்கலாம். நீரில் மூழ்குவதால் வரும் நுரையீரல் வீக்கம் என்று இதைச் சொல்லலாம். யாருக்கு இது அதிகம் வருகிறது என்று பார்த்தால் பட்டியலில் முன்னிற்பவை: நடுத்தர வயது, இரத்த அழுத்தம், பெண்ணாக இருப்பது. நான் இந்த உரைக்குச் சம்மதித்ததற்கு உண்மையான காரணம் இந்த ஒரு விஷயம்.

அடையாளம் எப்படி இருக்கும்? தண்ணீருக்குள் மூச்சு வாங்கும். நின்று ஓய்வெடுத்தாலும் குறையாது. இருமல் வரும். நெஞ்சுக்குள் குறுகுறு என்ற சத்தம். சிலவேளை இளஞ்சிவப்பு நுரை. இதே நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "பயந்திட்டா. புதுசுதானே, பழகிவிடும்." பெண் என்றால் பயம், வயதான பெண் என்றால் இன்னும் பயம் என்று உலகம் முடிவு செய்து வைத்திருக்கிறது. நாமும் அதை நம்பிக்கொண்டு, "எனக்குத்தான் தைரியம் போதவில்லை" என்று மீண்டும் தண்ணீருக்குள் இறங்குவோம். அப்படி இறங்குவது உயிரைப் பறிக்கும். பயத்தால் வரும் மூச்சு வாங்கல் நின்று அமைதியானால் குறையும். குறையாத மூச்சு வாங்கலைப் பயம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். உடனே சுழியோட்டத்தை முடித்து, விதிப்படி மெதுவாக மேலே வந்து, தண்ணீரை விட்டு வெளியேறி, நிமிர்ந்து உட்கார்ந்து ஒட்சிசன் எடுத்து, வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம் என்பதால், இதய வைத்தியர் பார்க்கும் வரை கடல் வேண்டாம்.

சின்னச் சின்ன மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது கண். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. கையில் கட்டிய டைவ் கொம்பியூட்டரில் எத்தனை மீட்டர், உருளையில் எவ்வளவு காற்று என்று காட்டும் இலக்கம் தெரியவில்லை என்றால் அந்தக் கருவி வெறும் வளையல். முகக்கண்ணாடியின் உள்ளே கீழ்ப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும் வாசிப்பு வில்லைகள் கடைகளில் உண்டு. இரண்டாவது எடை. கொழுப்பு மிதக்கும், தசை தாழும். இருபது வயதில் இடுப்பில் கட்டிய ஈயத்தின் அளவு இப்போது சரிவராது. எவ்வளவு வேண்டும் என்பதைக் கரையோரத்தில் மிதந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது மருந்து. சீனி வியாதிக்கு இன்சுலின் எடுப்பவர், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை எடுப்பவர், ஆஸ்துமா உள்ளவர், கொவிட் கடுமையாக வந்து போனவர், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் எல்லோரும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். இவர்களில் பலருக்கு அனுமதி கிடைக்கும். கேட்காமல் போகக் கூடாது, அவ்வளவுதான். படகில் தலை சுற்றும் என்று போடும் மாத்திரையில் நித்திரை வரவைப்பது எது என்றும் கேளுங்கள். தங்கைமாருக்கு ஒன்று: பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சுழியோட்டம் வேண்டாம். அதில் விதிவிலக்கு இல்லை.

முறையான நிலையம் எதுவும் முதலில் ஒரு படிவம் தரும். 2020இல் திருத்தப்பட்ட அந்தச் சர்வதேசப் படிவத்தில் பத்துக் கேள்விகள். 45 வயதைக் கடந்தவரா என்பது அதில் ஒன்று. ஆம் என்றால் புகைத்தல், கொழுப்பு, இரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு என்று தொடரும். ஏதாவது ஒன்றுக்கு ஆம் வந்தால் வைத்தியரின் கையொப்பம் வேண்டும். கையொப்பம் கேட்டால் நிலையம் திருப்பி அனுப்பிவிடும் என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் "இல்லை" போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படிவத்தில் ஏமாற்றப்படுவது நிலையம் அல்ல. எனக்கு 45 ஆகவில்லை. ஆனாலும் அப்பாவுக்கு ஐம்பதுக்கு முன்பே நெஞ்சுவலி வந்ததால், இரத்தப் பரிசோதனையும் நடைபட்டியில் இதயப் பரிசோதனையும் செய்துகொண்டேன். செய்தது என் சக வைத்தியர். எனக்கு நானே கையொப்பம் இடவில்லை.

பிறகு மூன்று மாதம் நடை, நீச்சல். கொழும்பில் ஒரு நீச்சல் தடாகத்தில் இரண்டு நாள் மீள்பயிற்சி: முகக்கண்ணாடியில் தண்ணீரை விட்டு வெளியேற்றுவது, வாயிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றித் தேடி எடுப்பது, பக்கத்திலிருப்பவரின் காற்றைப் பகிர்வது. அதன் பிறகுதான் திருகோணமலை. கிழக்குக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை அமைதி. தென்மேற்குக் கரை நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

அங்கே பயிற்றுநர் ஒரு தம்பி, என் வயதில் பாதி. மீன்பிடிக் குடும்பம். முதல் நாள் காலை, "அக்கா, பெல்ட் கழண்டிருக்கு, இஞ்ச வாங்கோ" என்று நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். படிவத்தில் தொழில் என்ற இடத்தைப் பார்த்த பிறகு "டொக்டர்" ஆகிவிட்டேன். அதோடு திருத்துவதும் நின்றுவிட்டது. ஈயம் கூடவா குறையவா என்று கேட்டால், "டொக்டருக்கு எப்பிடி வசதியோ" என்றார்.

"தம்பி, தண்ணிக்குள்ள நான் டொக்டர் இல்லை. அக்கா எண்டு கூப்பிடுங்கோ, பிழை விட்டால் ஏசுங்கோ" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "அப்ப சொல்லுறன் அக்கா, நீங்கள் மூச்சு சரியா இழுக்கிறியள், வடிவா விடுறியள் இல்லை" என்றார்.

இது எங்களில் பலருக்குத் தேவையான பேச்சு. இங்கே அதிபர்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், வங்கி முகாமையாளர்கள் இருக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில் எங்களை யாரும் திருத்துவதில்லை. மீண்டும் ஒன்றைத் தொடங்க வேண்டுமானால் யாரோ ஒருவரிடம் மாணவியாக நிற்க வேண்டும். அவர் நம்மைத் திருத்தக்கூடியதாக நாம்தான் நடந்துகொள்ள வேண்டும். தண்ணீருக்குள் அது மரியாதைப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

முதல் நாள் ஆறு மீட்டர், இருபத்தைந்து நிமிடம். அவ்வளவுதான். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாழ்த்திய ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க உலகின் பல பாகங்களிலிருந்தும் வருகிறார்கள். 307 பேர் அதனோடு போனார்கள். அது ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளின் எல்லை நாற்பது, என் அட்டை அனுமதிப்பது பதினெட்டு. ஆகவே ஹேர்மிஸ் எனக்கு இல்லை. ஆறு மீட்டரில் ஒரு கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கும் சத்தம் கேட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தச் சத்தத்தை நான் கவனித்த ஞாபகமே இல்லை. அப்போது எவ்வளவு ஆழம் என்பதுதான் பெரிதாக இருந்தது. பவளமும் முன்போல இல்லை. கடல் சூடாகி உலகெங்கும் பவளம் வெளிறிய ஆண்டுகள் பல இடையில் வந்துபோய்விட்டன. உயிரோடு இருந்ததைப் பார்த்துக்கொண்டு, எதையும் தொடாமல் மேலே வந்தேன்.

இப்போது மலைக்கு வருகிறேன். வியாழன் நண்பகல் என் கடைசிச் சுழியோட்டம் முடிந்தது. அன்றிரவே எல்லோரோடும் இங்கே வந்திருக்கலாம். தம்புள்ளை, நாவுல, மாத்தளை, இறத்தோட்டை என்று நேரே பாதைதானே. நான் மாத்தளையில் தங்கி, வெள்ளி மாலைதான் ஏறினேன். "டொக்டருக்கு எங்களோடு வரப் பிடிக்கவில்லை" என்று பகிடி பண்ணினீர்கள். காரணம் இதுதான்.

அழுத்தம் கூடும்போது வாயு திரவத்தில் கூடுதலாகக் கரையும். இது ஹென்றியின் விதி. ஆழத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு மெதுவாக, பல மணித்தியாலம் எடுத்து, நுரையீரல் வழியாக வெளியேறுகிறது. அது வெளியேறி முடியும் முன் சுற்றியுள்ள அழுத்தம் குறைந்தால், மூடி திறந்த சோடாப் போத்தல்போல உடலுக்குள் குமிழ்கள் உண்டாகும். மூட்டு வலி, மரத்துப்போதல், முள்ளந்தண்டில் பட்டால் கால் விளங்காமல் போதல். வடக்கு கிழக்குக் கரையில் கடலட்டைக்காக ஒரு நாளில் பல உருளைகள் தீர்த்து இறங்கும் இளம் சுழியோடிகள் இப்படி வைத்தியசாலைக்குத் தூக்கிவரப்படுவதை, அந்தப் பக்கம் கடமை செய்த வைத்தியர்கள் அறிவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு டைவ் கொம்பியூட்டரும் இல்லை, "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும் வசதியும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கிறது.

சுழியோடியபின் விமானம் ஏறக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். பொழுதுபோக்காகச் சுழியோடுவோருக்கான பொது வழிகாட்டல்: ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணித்தியாலம், ஒரே நாளில் பலமுறை அல்லது பல நாள் இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் 2,400 மீட்டர் வரை உயரமான மலையில் இருப்பதற்குச் சமமாக இருக்கலாம் என்பதால் இந்த விதி. மலைக்கும் இதே விதிதான் என்பதை மறந்துவிடுகிறோம். கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் ஏறுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ரிவர்ஸ்டன் உச்சி ஏறத்தாழ 1,400 மீட்டர். இங்கே காற்றழுத்தம் திருகோணமலையில் இருப்பதில் 85 சதவீதம் அளவுதான்.

வெளிநாட்டிலிருந்து வரும் நம் பிள்ளைகளின் பயணத்திட்டம் எப்படி இருக்கும்? திங்கள் நிலாவெளி, செவ்வாய் நுவரெலியா. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர். ஹற்றனும் பண்டாரவளையும் 1,200க்கு மேல். மாத்தளையும் கண்டியும் 600க்குக் கீழே, ஆகவே அங்கே தங்கிப் பொழுதைக் கழிக்கலாம். கடலை முதலில் வைத்து, ஒரு நாள் சமவெளியில் கோவில் குளம் பார்த்து, அதன் பிறகு மலை ஏறுங்கள். முடிந்தால் மலையை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்கு இறங்குங்கள், அதுவே நல்லது. சுழியோடி 24 மணித்தியாலத்துக்குள் மூட்டு வலியோ, மரத்துப்போவதோ, காரணமில்லாத பெருங்களைப்போ வந்தால், "பயணக் களைப்பு" என்று படுத்துவிடாதீர்கள். ஒட்சிசன் கொடுத்து, அழுத்த அறைச் சிகிச்சை உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இறங்கும் முன்பே நிலையத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: படகில் ஒட்சிசன் இருக்கிறதா? இயங்கும் அழுத்த அறை அருகில் எங்கே இருக்கிறது? பதில் சொல்லத் தெரியாத நிலையத்தில் இறங்க வேண்டாம்.

மேலேறும் வேகமும் மாறிவிட்டது. பழைய பாடநூல்களில் நிமிடத்துக்கு 18 மீட்டர் என்று இருக்கும். இன்று சொல்லப்படுவது 9 மீட்டர். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும். பழைய படிப்பை நம்பித் திரும்புகிறவர்கள் கவனிக்க.

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகு "இதெல்லாம் தேவையா, வீட்டில் இருக்கலாமே" என்று ஒரு அக்கா நினைப்பது தெரிகிறது. நான் எதிர்பாராத ஒன்று நடந்தது, அக்கா. இந்தக் கடலுக்காக நான் செய்துகொண்ட பரிசோதனையை எத்தனையோ நோயாளிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்குச் செய்துகொள்ள ஒரு காரணம் கிடைத்தது இப்போதுதான். மூன்று மாதம் தொடர்ந்து நடந்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுவே முதல் தடவை. "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் நாம் யாரும் கேட்கமாட்டோம். பிள்ளைக்கு, கணவருக்கு, மாமியாருக்கு என்றால் உடனே கிளம்புவோம். நமக்குப் பிடித்த ஒன்று நமக்காகக் காத்திருக்கிறது என்றால்தான் நம் உடலைக் கொஞ்சம் கவனிக்கிறோம். எனக்கு அது கடல். உங்களுக்கு அது வேறாக இருக்கட்டும். பரிசோதனை மட்டும் ஒன்றுதான்.

நாளைக் காலை கோபுரம் வரை நடக்கப் போகிறோம். ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே வாருங்கள். இரண்டு வசனம் சேர்த்துப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், நெஞ்சு இறுகினால், அங்கேயே நின்று என்னிடம் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். ஊருக்குப் போய் அடுத்த வாரமே வைத்தியரிடம் காட்டுங்கள். அனுமதி கிடைத்தவர்கள், அடுத்த மே மாதம் நிலாவெளிக்கு வர விரும்பினால், செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். நீந்தத் தெரியாதவர்களும் வரலாம். முழங்கால் தண்ணீரில் நிற்க எந்த அட்டையும் தேவையில்லை.